படம் எடுத்தவரும் படம் தேர்ந்தவரும்

நூலகத்தின் முன்கூடம், ரயில் நிலையச் சுவர், பள்ளிக்கூட வராந்தா, பழைய கிடங்கைச் சீராக்கி உண்டாக்கிய சிறு கூடம் போன்ற இடங்களில் நடக்கும் ஒளிப்படக் கண்காட்சிகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. படத்தில் இருப்பவர் அடுத்த தெருவில் குடியிருப்பார். பார்க்க வருகிறவர் அவரை அறிந்தவராக இருப்பார். ‘இது நம்ம மேட்டுத்தெரு அக்கா இல்லையா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். படத்தின் ஒளியமைப்பும் கோணமும் பின்னுக்குப் போய், அந்த அக்காவை ஏன் இந்தக் கோலத்தில் காட்டினார்கள் என்ற பேச்சு முன்னுக்கு வந்துவிடும். பெரிய அருங்காட்சியகங்களுக்கு இந்தச் சங்கடம் அநேகமாகக் கிடையாது. அங்கே படத்தில் இருப்பவரும் பார்க்க வருபவரும் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பே குறைவு.

இத்தகைய வட்டாரக் கண்காட்சிகளைப் பற்றிய விவாதம் அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் ஒரு கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது: கேமரா யார் கையில் இருக்கிறது? வெளியிலிருந்து வந்தவர் எடுத்தால் அது வேடிக்கை பார்ப்பது, உள்ளூர்க்காரர் எடுத்தால் அது உண்மை என்ற எளிய வாய்பாடு இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. நியூயார்க், லண்டன், நியூகாசில், கொல்கத்தா, டாக்கா, பாட்டன், சென்னை, வவுனியா எனப் பல இடங்களின் அனுபவத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த வாய்பாடு நிற்பதில்லை. படங்களைத் தேர்ந்தது யார், ‘என் படத்தை எடுத்துவிடு’ என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது, கண்காட்சி முடிந்தபின் படங்கள் யாரிடம் தங்கின ஆகிய மூன்றும்தான் ஒரு கண்காட்சி அந்த வட்டாரத்துக்கு உரியதா என்பதைத் தீர்மானித்திருக்கின்றன.

பெருங்கூடத்தில் ஹார்லெம்

1955-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் ‘மனிதக் குடும்பம்’ என்ற கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகளில் எடுக்கப்பட்ட 503 படங்கள், 273 ஒளிப்படக்காரர்கள். பிறப்பு, காதல், உழைப்பு, சாவு என்று உலக மக்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தக் கண்காட்சி பல நாடுகளுக்குப் பயணம் போனது. இன்று லக்ஸம்பர்கின் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த் இதைக் கடுமையாக விமர்சித்தார். பிறப்பும் சாவும் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டால், ஒருவர் எப்படிப் பிறந்தார், எதனால் செத்தார் என்ற வரலாறு மறைந்துபோகிறது என்பது அவர் வாதம். வட்டாரக் கண்காட்சி பிறகு கையில் எடுத்துக்கொண்டது அந்த மறைந்த பகுதியைத்தான்: இந்தத் தெரு, இந்த ஆண்டு, இந்தக் குடும்பம்.

அதே 1955-ல் ராய் டிகராவா என்ற கறுப்பின ஒளிப்படக்காரர் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே ஒரு காட்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஒளிப்படத்தைக் கலையாகச் சுவரில் மாட்டி விற்கும் இடங்கள் அந்த நகரில் விரல்விட்டு எண்ணும் அளவில்கூட இல்லாத காலம் அது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டுக்கூடம் நடந்தது.

இந்த டிகராவாவே 1969-ல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எதிரான போராட்டத்தில் நின்றார். ‘ஹார்லெம் ஆன் மை மைண்ட்’ என்ற பெயரில், கறுப்பின மக்களின் ஹார்லெம் பகுதியைப் பற்றி அந்த அருங்காட்சியகம் ஒரு பெரும் கண்காட்சி நடத்தியது. சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கிய ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள், திரையில் ஓடும் படங்கள் எல்லாம் இருந்தன. ஹார்லெம் ஓவியர்கள், சிற்பிகளின் படைப்பு ஒன்றுகூட இல்லை. கலைஞர்களைக் கலைஞர்களாக உள்ளே விடாமல், அவர்கள் வாழ்ந்த பகுதியை மட்டும் காட்சிப்பொருளாக உள்ளே கொண்டுவந்தார்கள் என்று பென்னி ஆண்ட்ரூஸ் முதலானோர் வாசலில் மறியல் செய்தார்கள்.

இந்தக் கண்காட்சியில் மாட்டியிருந்த படங்களில் சிறந்தவை பல ஜேம்ஸ் வான் டெர் ஸீ எடுத்தவை. அவர் வெளியாள் இல்லை. ஹார்லெமிலேயே ஸ்டுடியோ வைத்து, திருமணம், சவ அடக்கம், சங்கக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை உடுப்பு என்று அந்த மக்களின் பெருமிதத்தைப் பல பத்தாண்டுகள் பதிவுசெய்தவர். கேமரா யார் கையில் என்பதே கேள்வியாக இருந்திருந்தால், இந்தக் கண்காட்சி முன்மாதிரியாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். படங்கள் உள்ளிருந்து வந்தவைதான். தேர்வு மட்டும் வெளியே நடந்தது. கண்காட்சி அவருக்கு 82 வயதில் புகழைத் தந்தது. அதே ஆண்டில் அவர் தம் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

கதை அங்கே முடியவில்லை. 1968-ல் ஹார்லெமிலேயே, அந்த மக்களின் கலைக்காக ‘ஸ்டுடியோ மியூசியம்’ தொடங்கப்பட்டிருந்தது. வான் டெர் ஸீயின் படங்களும் நெகட்டிவ்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. பிறகு அவற்றைத் திரும்பப் பெறுவதற்கு 1981-ல் அந்த அருங்காட்சியகத்தின் மீதே அவர் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 1983-ல் அவர் மறைந்தபின்தான் வழக்கு தீர்ந்தது. 2021-ல் மெட்ரோபாலிடனும் ஸ்டுடியோ மியூசியமும் சேர்ந்து அவருடைய ஆவணத் தொகுப்பைப் பொறுப்பேற்றன. நம்மவர் நடத்தும் நிறுவனம் என்பதாலேயே படங்களின் உரிமைக் கணக்கு தானாகச் சரியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லேமினேட் செய்து அனுப்பிய கண்காட்சிகள்

1972-ல் கிழக்கு லண்டனில் ஹாஃப் மூன் என்ற சிறு நாடக அரங்கை ஒட்டி அதே பெயரில் ஓர் ஒளிப்படக் காட்சிக்கூடம் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளர்களும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதி அது. தொடங்கியவர்களில் ஒருவர் வெண்டி ஈவால்ட் என்ற அமெரிக்கர். ஜோ ஸ்பென்ஸும் டெரி டெனட்டும் நடத்திவந்த ஒளிப்படப் பட்டறையோடு இந்தக் கூடம் சில ஆண்டுகளில் இணைந்தது. 1976 முதல் ‘கேமராவொர்க்’ என்ற இதழும் வந்தது.

இவர்கள் செய்த பெரிய காரியம் பார்வைக்கு மிகச் சாதாரணமானது. படங்களையும் எழுத்துகளையும் அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்து, பார்சலாகக் கட்டி நாடெங்கும் அனுப்பினார்கள். கண்ணாடியும் மரச்சட்டமும் இருந்தால் கனம் கூடும், உடையும், காப்பீடு கேட்கும், காவலுக்கு ஆள் கேட்கும். லேமினேட் செய்த தாளுக்கு நான்கு ஆணி போதும். நூலகம், பள்ளி, சமூகக்கூடம் என எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம். விரல்ரேகை பட்டால் துணியால் துடைக்கலாம். கண்காட்சி நடத்தும் தகுதி பணமுள்ள கட்டடங்களிடமிருந்து ஆர்வமுள்ள ஆட்களிடம் கைமாறியதற்கு ஒரு பிளாஸ்டிக் தாள் காரணமாக இருந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசிலில் ஆம்பர் என்ற குழு வேலை செய்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான சிர்க்கா-லீசா கொன்ட்டினன் பின்லாந்துக்காரர். மொழியும் புதிது, ஊரும் புதிது. 1969-ல் பைக்கர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வீடு பிடித்துக் குடியேறினார். பழைய வீடுகளை இடித்துப் புதுக் குடியிருப்பு கட்டும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. தன் வீடும் இடிபடும்வரை அவர் அங்கேயே இருந்து படமெடுத்தார். 1977-ல் நியூகாசிலின் ஆற்றங்கரையில் ஆம்பர் குழு ‘சைட் கேலரி’யைத் திறந்தது. பைக்கர் படங்கள் 1983-ல் நூலாக வந்தன. ஆம்பர் குழுவும் கொன்ட்டினனும் உருவாக்கிய பதிவுகள் 2011-ல் யுனெஸ்கோவின் பிரிட்டிஷ் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

வாய்பாட்டின்படி பார்த்தால் கொன்ட்டினன் வெளியாள். ஆனால் அவர் குடியிருந்தது பைக்கரில். அவருடைய குழு கூடம் நடத்தியது அதே நகரத்தில். படத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கூடத்துக்கு வந்து பார்க்கவும், பார்த்ததைப் பேசவும் வழி இருந்தது. படங்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஹார்லெமில் உள்ளூர்க்காரர் எடுத்தும் கிடைக்காதது, பைக்கரில் அயல்நாட்டவர் எடுத்தும் கிடைத்தது இதனால்தான்.

கேமராவைக் கைமாற்றியபோது

உள்ளூர்க்காரர் கையில் கேமராவைக் கொடுப்பதே தீர்வு என்று நம்பியவர்களின் அனுபவம் இருவகை. ஹாஃப் மூனை விட்டுப் போன வெண்டி ஈவால்ட், 1970களின் நடுவில் அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கவும் கழுவவும் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் குஜராத்தின் ஒரு கிராமத்திலும் பிள்ளைகளோடு வேலை செய்தார். படம் எடுப்பதோடு, அதைப் பற்றி எழுதுவதும் பேசுவதும் அவருடைய முறையின் பகுதிகள்.

1992-ல் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கேரொலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் 62 கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்தார்கள். பின்னர் ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று பெயர் பெற்ற முறை இது. ஆயினும் அதன் உயிர்நாடி கேமரா இல்லை. எடுத்த படங்களிலிருந்து எவற்றைக் காட்டுவது என்பதை அந்தப் பெண்களே கூடிப் பேசி முடிவுசெய்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் உள்ள கதையை அவர்களே சொன்னார்கள். பார்வையாளர்களாக அழைக்கப்பட்டவர்கள் முடிவெடுக்கும் அதிகாரிகள். வயலில் வேலை செய்யும் தாயின் அருகில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் குழந்தையின் படம், பிள்ளைப் பராமரிப்பு பற்றிய கொள்கைப் பேச்சாக மாறியது இந்த ஏற்பாட்டினால்தான்.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் ஜானா பிரிஸ்கி பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துக் கற்பித்தார். படங்கள் வெளிநாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக சதபீஸ் ஏல நிறுவனத்தில் விற்கப்பட்டன. இந்த முயற்சியைப் பற்றிய ஆவணப்படம் 2005-ல் ஆஸ்கர் விருது பெற்றது. பிள்ளைகள் எடுத்த படங்களில் பல அசாத்தியமானவை என்பதில் ஐயமில்லை. பிரிஸ்கியின் அக்கறையையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பகுதிப் பெண்கள் தாங்களாகவே கட்டியெழுப்பிய சங்கத்தின் வேலை ஆவணப்படத்தில் தென்படவில்லை, தாய்மார்கள் மீட்கப்பட வேண்டிய பிள்ளைகளுக்குத் தடையாக மட்டுமே காட்டப்பட்டார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. கேமரா பிள்ளைகளின் கையில் இருந்தது. படங்கள் எந்தக் கதைக்குள் பொருத்தப்படும், எந்த ஊர்ச் சுவருக்குப் போகும் என்பது வேறு கைகளில் இருந்தது. யுன்னானுக்கும் சோனாகாச்சிக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். அது சிறிய வேறுபாடு அல்ல.

டாக்காவும் பாட்டனும்

தெற்காசியாவில் இந்தக் கேள்வியை நெடுங்காலமாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் டாக்காவின் த்ரிக் அமைப்பினர். ஷஹிதுல் ஆலம் 1989-ல் தொடங்கியது. வங்கதேசம் என்றால் வெள்ளமும் பஞ்சமும் மட்டுமே என்று காட்டிவந்த மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு எதிர்வினையாக, அந்த நாட்டுக்காரர் எடுத்த படங்களை உலகுக்குக் கொண்டுபோவது அதன் முதல் நோக்கம். பிறகு பாடசாலா என்ற ஒளிப்படப் பள்ளி வந்தது. 2000-ல் சோபி மேளா என்ற சர்வதேச ஒளிப்பட விழா தொடங்கியது. காட்சிக்கூடத்துக்குள் நுழையத் தயங்கும் மக்களுக்காக, ரிக்‌ஷா வண்டிகளில் படங்களை ஏற்றிச் சந்துபொந்துகளுக்குக் கொண்டுபோன விழா அது.

2010 மார்ச்சில் த்ரிக் கூடத்தில் ஆலமின் ‘கிராஸ்ஃபயர்’ கண்காட்சி திறக்கவிருந்தது. அதிரடிப் படையினரின் மோதல் கொலைகளைப் பற்றியது. பிணங்களையும் ரத்தத்தையும் அவர் காட்டவில்லை. கொலை நடந்த இடங்களையும் பொருள்களையும் குறிப்பாக உணர்த்தும் படங்கள் அவை. திறப்பு நாளில் காவல்துறை கூடத்தின் வாசலை அடைத்தது. திறந்துவைக்க வந்திருந்த எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி, தெருவிலேயே கண்காட்சியைத் திறந்துவைத்தார். த்ரிக் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு தடை விலகியது. எந்தப் படத்தைக் காட்டலாம் என்ற தேர்வில் அரசும் தனக்கு ஒரு பங்கு கேட்கும் என்பதை ஊர்க் கூடங்கள் மறந்துவிடக் கூடாது. பெரிய அருங்காட்சியகங்கள் அரசின் முகக்குறிப்பை முன்கூட்டியே அறிந்து ஒதுங்கிக்கொள்ளும் இடங்களில், சிறிய கூடங்கள்தான் இந்த மோதலை நேருக்கு நேர் சந்திக்கின்றன.

நேபாளத்தின் அனுபவம் இன்னொரு வகை. நிலநடுக்கம் நாட்டைக் குலுக்கிய 2015-ஆம் ஆண்டின் நவம்பரில், பாட்டன் நகரின் முற்றங்களிலும் சந்துச் சுவர்களிலும் ‘ஃபோட்டோ காட்மாண்டு’ விழா முதன்முதலாக நடந்தது. அதை நடத்தும் ஃபோட்டோ.சர்க்கிள் குழுவினர் 2011 முதல் ‘நேபாளப் படநூலகம்’ என்ற ஆவணத் தொகுப்பையும் உருவாக்கி வருகிறார்கள். வீட்டு ஆல்பங்கள், ஸ்டுடியோப் படங்கள், கடிதங்கள் எல்லாம் அதில் சேர்கின்றன. 2016-ல் இந்தத் தொகுப்பை வைத்து ‘தலித்: கண்ணியத்துக்கான தேடல்’ என்ற கண்காட்சியை திவாஸ் ராஜா கேசி அமைத்தார். தலித்துகளை வறுமையின் உருவமாக மட்டுமே காட்டிவந்த படமரபைக் கேள்விக்குள்ளாக்கி, உழைப்பையும் எதிர்ப்பையும் சுயமரியாதையையும் முன்னிறுத்தியது அது. 2018-ல் பெண்களின் பொதுவாழ்வைப் பற்றிய கண்காட்சியும் இதே தொகுப்பிலிருந்து பிறந்தது. இவற்றில் புதிதாகப் படமெடுப்பது முதல் வேலையாக இருக்கவில்லை. ஏற்கெனவே எடுத்து ஆல்பத்தில் தூங்கிய படங்களை வேறு கண்ணோடு தேர்ந்ததுதான் வேலை.

மதராஸிலிருந்து சென்னைக்கு

தமிழகத்துக்கு இந்தக் கலையில் பழைய வரலாறு உண்டு. ஓவியக் கல்லூரியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1850களின் நடுவிலேயே மதராஸில் ஒளிப்படச் சங்கம் உருவானது. 1856-ல் லின்னேயஸ் ட்ரைப் மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எல்லாம் அவர் கேமராவில் பதிந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு நீளும் ஒரே சுருளாக அவர் ஆக்கியது இன்றும் வியப்பூட்டுவது. கோபுரங்களும் மண்டபங்களும் துல்லியமாக இருக்கும் அந்தப் படங்களில் மனிதர்கள் அரிது. நீண்ட நேரம் ஒளி வாங்க வேண்டியிருந்ததும், கட்டடங்களைப் பதிவதே அரசின் தேவையாக இருந்ததும் காரணங்கள்.

தமிழ் மக்களைப் படத்தில் கொண்டுவந்தவை பின்னால் ஊருக்கு ஊர் முளைத்த ஸ்டுடியோக்கள். வரைந்த திரைச்சீலை, மரநாற்காலி, பூச்சாடி, நிற்கும் மனைவி, உட்கார்ந்த கணவர், காதில் கடுக்கனோடு குழந்தை. ஹார்லெமில் வான் டெர் ஸீ செய்ததை நம் ஊர்களில் பெயர் மறந்துபோன நூற்றுக்கணக்கானோர் செய்தார்கள். டிஜிட்டல் வந்ததும் கண்ணாடி நெகட்டிவ்கள் குப்பைக்கும் பழைய பொருள் கடைக்கும் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இவற்றில் ஒரு பகுதியைத் தேடிப்பிடித்து மின்னுருவாக்கியது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஒரு கண்காட்சி வைக்கும் அளவுக்கு இந்தக் கருவூலத்தில் பொருள் உண்டு. அப்படி வைத்தால் படத்தில் இருப்பவரின் பேரன் பேத்திகளே வந்து பெயர் சொல்வார்கள். ஆவணமும் வளரும்.

சென்னை ஃபோட்டோ பியனாலே 2016-ல் தொடங்கியபோது, பறக்கும் ரயில் நிலையங்களைக் காட்சியிடமாக்கியது முக்கியமான அடி. டிக்கெட் வாங்கி வேலைக்கு ஓடுகிறவர் கண்ணில் அழையாமலே படம் படுகிறது. 2019-ல் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பில் அமைந்த இரண்டாம் பதிப்பில், பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், அரசு கவின்கலைக் கல்லூரி போன்ற பழைய கட்டடங்களின் கதவுகள் திறந்தன. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து பதிவுசெய்துவரும் மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கற்பிப்பதிலும் ஈடுபட்டிருக்கிறார். 2022-ல் தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது அவருக்குக் கிடைத்தது.

விழாக்கள் நடக்கின்றன, கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் விழா சில வாரங்களில் கலைந்துவிடும். ஆண்டு முழுக்கத் திறந்திருந்து, அந்தப் பகுதி மக்கள் குழுவில் உட்கார்ந்து படம் தேரும் நிரந்தரச் சிறு கூடம் நம் ஊர்களில் அரிது. ஊருக்கு ஊர் இருக்கும் கிளை நூலகங்கள் இதற்கு ஆயத்தமான இடங்கள். சுவர் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, தினமும் வந்துபோகும் மக்கள் இருக்கிறார்கள்.

பந்தல்களில் தொங்கும் படங்கள்

எந்தக் காட்சிக்கூடக் கணக்கிலும் வராத ஒரு காட்சி இந்த விவாதத்துக்கு வேண்டும். 2017 பிப்ரவரியில் இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சாலையோரப் பந்தல்களில் மகன், மகள், கணவர் படங்கள் வரிசையாகத் தொங்கின. பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்தது, ஸ்டுடியோவில் எடுத்தது, திருமணக் கூட்டப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது என்று எல்லாம் கலந்திருந்தன. அவற்றை எடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. எந்தப் படத்தை வைப்பது என்பதை அம்மாமார் தீர்மானித்தார்கள். எத்தனை காலம் தொங்கும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். படம் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது, அவர்களிடமே திரும்பும்.

இதைக் கலைக் கண்காட்சி என்று அழைப்பது அந்தத் துயரத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒளிப்படங்களை ஊர் நடுவில் மாட்டி, வருவோர் போவோரிடம் பதில் கேட்கும் செயல் என்ற அளவில், வட்டாரக் கூடங்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. எடுத்தவர் பெயரே இல்லாத படமும், தேர்வும் காப்பும் உரியவரிடம் இருந்தால் முழு அதிகாரத்தோடு பேசுகிறது.

ஆணி அடிக்கும் முன்னும் பின்னும்

கொள்கை சரியாக இருந்து நடைமுறையில் சறுக்கும் கண்காட்சிகள் ஏராளம். ஆகவே சில செய்முறைகளைச் சொல்லத்தான் வேண்டும். காட்சிக்கூடங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருவோரும் பார்க்க வேண்டுமானால் இன்னும் தாழ்த்த வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் படத்தை நேரே கண்ணாடியோடு ஒட்டவைத்தால், நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். நடுவே மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடுவது அதனால்தான். வெயில் விழும் சுவரில் விலையுயர்ந்த பிரிண்ட் வெளுத்துப்போகும். அங்கே சன்போர்டில் ஒட்டிய பிரிண்டோ ஃபிளெக்ஸோ போதும், வெளுத்தால் மறுபடி அச்சிடலாம். சில வாரக் கண்காட்சிக்கு நூறாண்டு நிற்கும் தாள் தேவையில்லை. ஆவணத்துக்காக வைக்கும் ஒரு பிரதிக்கு மட்டும் நல்ல தாளும் நிறமி மையும் வேண்டும்.

படக்குறிப்பில்தான் பெரும்பாலான கூடங்கள் தோற்கின்றன. எடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில், எடுக்கப்பட்டவர் ‘மீனவப் பெண்’, ‘முதியவர்’ என்று பெயரின்றி. படத்தில் இருப்பவர் விரும்பினால் அவர் பெயர் முதலில் வரட்டும். விரும்பாவிட்டால் அதையும் மதிக்க வேண்டும். குறிப்பு முதலில் தமிழில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்க வேண்டியது. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் குறிப்பு தொங்கும் கண்காட்சிகளுக்கு நம் நகரங்களில் குறைவில்லை.

ஒப்புதலைப் படமெடுக்கும்போது ஒருமுறை வாங்கினால் தீர்ந்துவிடாது. தெருவில் ‘எடுத்துக்கோ தம்பி’ என்று சொன்னவர், நான்கடி உயரத்துக்குத் தன் முகம் தன் ஊரிலேயே தொங்கும் என்று நினைத்திருக்க மாட்டார். திறப்புக்கு முன், படத்தில் இருப்போரை மட்டும் அழைத்து ஒரு மாலை காட்டுவது எளிய வழி. அப்போது யாராவது வேண்டாம் என்றால், அந்தப் படம் இறங்க வேண்டும். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் சரி. இதற்கு எதிர்வாதமும் உண்டு. எல்லோருக்கும் பிடித்த படங்களை மட்டும் மாட்டினால் ஊரின் அழுக்கும் சாதியும் வன்முறையும் வெளியே வராது, கூடம் ஊர்ப்பெருமை பாடும் இடமாகிவிடும். இந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே மறுக்கும் உரிமை யாருக்கு என்பதில் தெளிவு வேண்டும். துன்பப்பட்டவராகப் படத்தில் நிற்பவருக்கு அது உண்டு. துன்பம் செய்த பெரியமனிதருக்கும், ஊர்ப்பெயர் கெடும் என்று வரும் கமிட்டிக்கும் அது கிடையாது. த்ரிக் வாசலில் நின்ற காவல்துறையையும், தன் படத்தை இறக்கச் சொல்லும் ஒரு தாயையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கூடம் மூடிய பிறகு

சைட் கேலரி 2023 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இங்கிலாந்துக் கலைக் கழகத்தின் தொடர் நிதி நின்றதும் மின்கட்டணம் ஏறியதும் காரணங்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளாக நின்ற கூடம், யுனெஸ்கோ பதிவேட்டில் இடம்பெற்ற படங்கள், ஆனாலும் கதவு மூடியது. ஊர்க் கூடங்களின் ஆயுள் கெட்டியில்லை. கூடம் நிலைக்காது என்று வைத்துக்கொண்டே, படங்கள் நிலைக்க என்ன வழி என்று தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டும்.

பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2009-ல் கென்யாவின் கிபேரா குடிசைப் பகுதியில் பெண்களின் முகங்களைப் பெரிதாக்கிக் கூரைகளில் விரித்தார். காகிதத்துக்குப் பதில் தண்ணீர் புகாத வினைல் தாளில் அச்சிட்டதால், மழைக்காலத்தில் அதே படங்கள் கூரை ஒழுகாமல் காத்தன. எல்லோரும் கூரை போட வேண்டியதில்லை. ஆனால் கண்காட்சி முடிந்தபின் படத்தில் இருந்தவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டு வேலை செய்த விதம் கவனிக்கத்தக்கது. நம் நிலையில் அதற்குச் செலவு அதிகமில்லை. படத்தில் இருப்பவருக்கு ஒரு நல்ல பிரிண்ட், உள்ளூர் நூலகத்துக்கு ஒரு முழுத் தொகுப்பு, நெகட்டிவும் மூலக் கோப்பும் யாரிடம் இருக்கின்றன என்பதற்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம். வான் டெர் ஸீ நீதிமன்றம் போனது இந்தக் கடைசித் தாள் தெளிவாக இல்லாததன் விளைவு என்று கொள்வதில் தவறில்லை.

இன்று கேமரா எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. யார் கையில் என்ற பழைய கேள்வியின் காரம் அதனாலேயே குறைந்துவிட்டது. எடுக்கப்படும் கோடானுகோடிப் படங்களில் எவற்றை ஊர் நடுவில் நிறுத்திப் பேசுவது என்பதே இனி மிஞ்சும் வேலை. இணையத்தில் அந்தத் தேர்வை நிறுவனங்களின் அல்காரிதங்கள் செய்துவிடுகின்றன. முகம் பார்த்துப் பேசி, வேண்டாம் என்றால் இறக்கி, முடிந்தபின் உரியவரிடம் ஒப்படைக்கும் தேர்வை ஒரு சிறு கூடத்தால்தான் செய்ய முடியும். ஆகவே ஒரு வட்டாரக் கண்காட்சியை மதிப்பிட வருகிறவர், எடுத்தவரின் ஊரையும் சாதியையும் விசாரிப்பதோடு நிற்கக் கூடாது. தேர்வுக் குழுவில் இந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், எத்தனை படங்கள் மறுப்பின் பேரில் இறங்கின, பிரதிகள் எங்கே போகின்றன என்று அமைப்பாளரிடம் கேட்கட்டும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த கூடத்துக்கு அரசும் உள்ளாட்சியும் பணம் தரலாம். பதில் இல்லாத கூடம், எவ்வளவு அழகாக மாட்டியிருந்தாலும், வாடகைக்கு விட்ட சுவர்தான்.